டெஸ்க்டாப்புக்கும் வெப்புக்கும் திரை வடிவமைக்க எந்தக் கருவி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யூ.ஐ. டிசைன், அதாவது பயனர் பார்த்துத் தொடும் திரையை வடிவமைப்பது, கற்றுக்கொள்ள எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று நாலு பேரிடம் கேட்டால் நாலு விதமாகப் பதில் வரும். ஃபிக்மா, பென்பாட், ஸ்கெட்ச், பூட்ஸ்ட்ராப், டெயில்விண்ட், க்யூட், எலெக்ட்ரான், ஃபிளட்டர் என்று பெயர்கள் வந்து குவியும். புதிதாக வருபவருக்கு இவை எல்லாமே ஒரே வேலைக்கான போட்டிக் கருவிகள் போலத் தெரியும். அப்படி இல்லை.

இவற்றில் இரண்டு வகை உண்டு. ஃபிக்மா, பென்பாட், ஸ்கெட்ச் ஆகியவை வரையும் கருவிகள். திரை எப்படி இருக்க வேண்டும் என்பதைப் படமாகக் காட்டும். பட்டனை அழுத்தினால் அடுத்த படத்துக்குப் போகும், அவ்வளவுதான். க்யூட், டபிள்யூ.பி.எஃப்., பூட்ஸ்ட்ராப், எலெக்ட்ரான், ஃபிளட்டர் போன்றவை கட்டும் கருவிகள். உண்மையில் ஓடப்போகும் திரை இவற்றால்தான் உருவாகிறது.

வரையும் கருவியை எந்த நேரத்திலும் மாற்றிக்கொள்ளலாம், நஷ்டம் கொஞ்சம்தான். கட்டும் கருவியைப் பாதியில் மாற்றினால் அதுவரை எழுதிய நிரலில் பெரும்பகுதியைத் திரும்ப எழுத வேண்டும். அதனால் கட்டும் கருவியை முதலில் முடிவு செய்யுங்கள், வரைவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். பல பாடங்கள் ஃபிக்மாவில் ஆரம்பித்துத் தலைகீழாகச் சொல்லித்தருகின்றன. அழகான படம் வரைந்துவிட்டு, அதைக் கட்ட முடியாமல் டெவலப்பரோடு மல்லுக்கட்டுவது அங்கேதான் தொடங்குகிறது.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பிடிபடாது. ஒரு மருந்துக்கடையை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு இடைமுகங்கள் தேவை: கவுன்டரில் பில் போட ஒரு டெஸ்க்டாப் மென்பொருள், வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே மருந்துச்சீட்டை அனுப்ப ஒரு வலைச்செயலி. கடை ஒன்றுதான். ஆனால் இரண்டுக்கும் வேண்டிய கருவிகள் வேறு, அழகு என்பதற்கான பொருளும் வேறு.

படி 1: அந்தக் கம்ப்யூட்டரைப் போய்ப் பாருங்கள்

மென்பொருள் ஓடப்போகும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் எந்தப் பதிப்பு, திரையின் அளவு என்ன, ரேம் எவ்வளவு, என்ன பிரின்டர், பார்கோடு ஸ்கேனர் இருக்கிறதா.

விண்டோஸ் பதிப்பை ஏன் முதலில் கேட்கிறேன் என்றால், பாதிக் கருவிகள் அதிலேயே அடிபட்டுப் போகும். பழைய கவுன்டர் மெஷினில் விண்டோஸ் 7 இருந்தால் க்யூட் 6 ஓடாது, அதற்கு விண்டோஸ் 10 வேண்டும். பைத்தானில் 3.8 வரைதான் விண்டோஸ் 7-இல் ஓடும். எலெக்ட்ரான் 2023-இல் வந்த 23-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7, 8 இரண்டையும் கைவிட்டுவிட்டது. அங்கே மிஞ்சுவது மைக்ரோசாஃப்டின் டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8-இல் எழுதும் வின்ஃபார்ம்ஸ் அல்லது டபிள்யூ.பி.எஃப்., இல்லாவிட்டால் பழைய க்யூட் 5. ஆனால் விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருவதில்லை. கடைக்காரரிடம் எடுத்துச் சொல்லி மெஷினை மாற்ற முடிந்தால் அதுதான் நல்லது.

திரையின் அளவு 1366×768 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் 1920×1080 திரையில் வடிவமைத்தால், மொத்தத் தொகை வரும் கீழ் வரிசை அங்கே திரைக்கு வெளியே போய்விடும்.

பயன்படுத்துபவரையும் கவனியுங்கள். கவுன்டரில் இருப்பவர் நாள் முழுக்க அதே திரையில் வேலை செய்கிறார், மவுஸைத் தொட அவருக்கு நேரமில்லை. யு.எஸ்.பி. பார்கோடு ஸ்கேனர் ஒரு கீபோர்டு போலவே நடந்துகொள்ளும். எண்களை அடித்து, பெரும்பாலும் கடைசியில் என்டரும் தட்டும். கர்சர் தவறான கட்டத்தில் இருந்தால் மருந்தின் எண் அளவுக் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும். வாடிக்கையாளர் கதை நேரெதிர். அவர் மாதம் ஒருமுறை, மொபைலில், ஒரு கையால் பயன்படுத்துவார். முந்தைய முறை என்ன செய்தோம் என்பது அவருக்கு நினைவிருக்காது. ஆகவே முதல் திரையின் அழகு வேகத்திலும் அடர்த்தியிலும் இருக்கிறது, இரண்டாவதன் அழகு தெளிவிலும் தாராளமான இடைவெளியிலும் இருக்கிறது.

படி 2: டெஸ்க்டாப்பைக் கட்ட எதை எடுப்பது

உங்களுக்கு, அல்லது உங்களோடு வேலை செய்யும் டெவலப்பருக்கு, என்ன மொழி தெரியும் என்பதே பாதி முடிவு.

சி ஷார்ப் தெரியும், விண்டோஸில் மட்டும் ஓடினால் போதும் என்றால் டபிள்யூ.பி.எஃப். எடுங்கள். 2006-இல் வந்தது, வயதாகிவிட்டது என்று சொல்வார்கள். இருக்கட்டும். அட்டவணை, பிரின்ட், ஷார்ட்கட் என ஒரு பில்லிங் திரைக்கு வேண்டியதெல்லாம் அதில் நன்றாக முதிர்ந்திருக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி பதிப்பு தனிநபர்களுக்கும் மாணவர்களுக்கும் இலவசம். வின்ஃபார்ம்ஸ் இன்னும் எளிது, ஆனால் தோற்றத்தை மெருகேற்ற அதிகம் போராட வேண்டும்.

பைத்தான் தெரிந்தவர்களுக்கு என் தேர்வு பைசைட்6, க்யூட் 6-ஐப் பைத்தானிலிருந்து பயன்படுத்த உதவும் தொகுப்பு அது. டி.கே.இன்டர் என்ற திரை கட்டும் தொகுப்பு பைத்தானோடு சேர்ந்தே வருவதால் எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள், கற்றுக்கொள்ள அது சரி. ஆனால் அதிலேயே அழகான திரை ஒன்றைக் கொண்டுவருவது கடினம். பைசைட்6 நிறுவும்போது, பட்டன்களை இழுத்துப் போட்டுத் திரையை அமைக்கும் க்யூட் டிசைனரும் கூடவே வந்துவிடும், தனியாகத் தேட வேண்டாம். பைக்யூட்6 என்றும் ஒன்று உண்டு, நிரல் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு உரிமத்தில். பைக்யூட்6 ஜி.பி.எல். அல்லது வணிக உரிமத்தில் வருகிறது. மூல நிரலைக் கொடுக்காமல் விற்க வேண்டுமென்றால் பணம் கட்டி வணிக உரிமம் வாங்க வேண்டும். பைசைட்6 எல்.ஜி.பி.எல். உரிமத்திலும் கிடைக்கிறது, அதன் நிபந்தனைகளைப் பின்பற்றினால் உங்கள் நிரலை மூடி வைத்தே விற்கலாம். மென்பொருளை விற்கப்போகிறவர்கள் இதை முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.

க்யூட் டிசைனரில் புதியவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் இருக்கிறது. பட்டனையும் கட்டங்களையும் இழுத்துப் போட்டதும் திரை அழகாகத் தெரியும். ஓடவிட்டு ஜன்னலைப் பெரிதாக்கினால் எல்லாம் இடது மூலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், மற்ற இடமெல்லாம் காலி. காரணம், லேஅவுட் (ஜன்னலின் அளவுக்கேற்ப எல்லாவற்றையும் அடுக்கும் விதி) கொடுக்கவில்லை. ஃபார்மின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, லே அவுட் பட்டியலில் கிரிட் லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன்பே, சேர்ந்து நிற்க வேண்டியவற்றைத் தனித்தனிக் குழுக்களாக நெடுக்கிலோ கிடக்கையிலோ அடுக்கிவிட்டால் இன்னும் ஒழுங்காக வரும். மருந்துப் பட்டியல் அட்டவணை மட்டும் விரியட்டும், மேலே உள்ள தேடல் வரிசையும் கீழே உள்ள மொத்தத் தொகையும் அப்படியே நிற்கட்டும்.

அடுத்து டேப் வரிசை, அதாவது டேப் விசையை அழுத்தும்போது கர்சர் கட்டம் கட்டமாக நகரும் வரிசை. எடிட் மெனுவில் டேப் ஆர்டரைத் திருத்தும் வசதி இருக்கிறது. அதைத் திறந்தால் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஓர் எண் தெரியும். மருந்தின் பெயர், பேட்ச், அளவு, சேர் என்று கை போகும் வரிசையிலேயே கிளிக் செய்துகொண்டு போனால் எண்கள் மாறிவிடும். லேபிள் தமிழில் இருந்தால் ஆல்ட் விசையோடு தமிழ் எழுத்து என்ற ஷார்ட்கட்டை நம்ப வேண்டாம், கீபோர்டு ஆங்கிலத்தில் இருக்கும்போது அது வேலை செய்யாது. எஃப்2 புதிய பில், எஃப்9 அச்சிடு என்று எஃப் விசைகளைக் கொடுத்து, பட்டன் மேலேயே எழுதிவிடுங்கள்.

வெப் மட்டும்தான் தெரியும் என்பவர்கள் அதே அறிவை வைத்து டெஸ்க்டாப் செயலியும் கட்டலாம். எலெக்ட்ரான் அதற்கானதுதான், வி.எஸ். கோடு, ஸ்லாக், டிஸ்கார்ட் எல்லாம் அதில் கட்டியவை. ஒவ்வொரு செயலியோடும் குரோமியம் உலாவி முழுதாக உள்ளே வருவதால் சின்னச் செயலிகூட 100 எம்.பி.யைத் தாண்டிவிடும், ரேமும் நிறைய கேட்கும். டாரி என்பது இதற்கு மாற்று. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் வெப்வியூவை (வலைப்பக்கம் காட்டும் பகுதியை) அது பயன்படுத்திக்கொள்வதால் செயலி சில எம்.பி.யில் முடிந்துவிடும், திரைக்குப் பின்னால் ஓடும் நிரல் மட்டும் ரஸ்ட் மொழியில். 4 ஜி.பி. ரேம் கொண்ட கவுன்டர் மெஷினுக்கு நான் எலெக்ட்ரானைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மொபைல் செயலியும் சேர்த்து வேண்டுமென்றால் ஃபிளட்டரைப் பாருங்கள், 2022 முதல் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் நிலையான பதிப்பு இருக்கிறது. ஜாவா ஆட்களுக்கு ஜாவாஎஃப்எக்ஸும் சீன் பில்டரும் உண்டு.

படி 3: வலைச்செயலிக்கு

இங்கே தேர்வு எளிது. பக்கத்தின் அமைப்பை எழுதும் எச்.டி.எம்.எல்., தோற்றத்தை எழுதும் சி.எஸ்.எஸ். இரண்டும் ஓரளவு கைவந்த பிறகுதான் மற்றதெல்லாம். அது இல்லாமல் ரியாக்ட் (திரை கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு), டெயில்விண்ட் என்று குதித்தால், ஒரு பட்டன் நகராதபோது ஏன் என்றே புரியாது.

அப்புறம் பூட்ஸ்ட்ராப்பா, டெயில்விண்டா? பூட்ஸ்ட்ராப்பில் பட்டன், படிவம், மெனு எல்லாம் தயாராக இருக்கும், ஒரே நாளில் ஒழுங்கான பக்கம் வந்துவிடும். ஆனால் நிறத்தையும் எழுத்துருவையும் மாற்றாமல் விட்டால் எல்லாத் தளங்களும் ஒரே முகமாகத் தெரியும். டெயில்விண்டில் தயார் பட்டன் எதுவும் இல்லை. இடைவெளி, நிறம், அளவு ஆகியவற்றை நீங்களே சின்னச் சின்ன சி.எஸ்.எஸ். கிளாஸ்களால் அடுக்க வேண்டும். டிசைன் கண் உள்ளவர் கையில் அது நன்றாக வரும். அந்தக் கண் இன்னும் பழகாதவர்கள் பூட்ஸ்ட்ராப்பில் ஆரம்பிப்பதே மேல். மருந்துச்சீட்டை அனுப்பும் பக்கம் மூன்று நான்கு திரைகள்தான், அதற்கு ரியாக்ட்கூட அவசியமில்லை.

மொபைலுக்கான ஒரு நுணுக்கம்: உள்ளீட்டுக் கட்டத்தின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால், ஐபோனில் அதைத் தொட்டதும் பக்கம் தானாகவே பெரிதாகிவிடும். பயனர் திணறிப்போவார். 16-க்குக் கீழே போகாதீர்கள்.

படி 4: தாள்

பென்சிலும் தாளும் எடுத்து ஒவ்வொரு திரையையும் மூன்று விதமாகக் கிறுக்குங்கள். நிறம் வேண்டாம், ஸ்கேல் வேண்டாம். இணையத்தில் பகிர வேண்டுமென்றால் எக்ஸ்காலிட்ரா போதும், இலவசம்தான், கையால் வரைந்தது போலவே இருக்கும். கோடுகள் கரடுமுரடாக இருப்பதால் பார்க்கிறவர்கள் நிறத்தைப் பற்றிப் பேசாமல், எது எங்கே இருக்க வேண்டும் என்று பேசுவார்கள்.

படி 5: வரையும் கருவி

இப்போதுதான் ஃபிக்மாவின் முறை. உலாவியிலேயே ஓடும், விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவானாலும் சரி. இலவசத் திட்டம் இருக்கிறது, மாணவர்களுக்குத் தனிச் சலுகையும் உண்டு. யூ.ஐ. டிசைனராக வேலை தேடுபவர்கள் இதையே கற்றுக்கொள்ளுங்கள், நிறுவனங்கள் பரவலாகக் கேட்பது இதைத்தான்.

ஆனாலும் இந்தத் துறையில் ஒரு கருவி எத்தனை நாள் நிலைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடோபி 2022 செப்டம்பரில் ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் போட்டி ஆணையங்களின் எதிர்ப்பால் 2023 டிசம்பரில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. இதற்கிடையில் அடோபியின் சொந்த வரையும் கருவியான எக்ஸ்டி, புது வசதிகள் சேர்க்கப்படாத பராமரிப்பு நிலைக்குப் போய்விட்டது, புதிதாகக் கற்க அதை எடுக்க வேண்டாம். ஸ்கெட்ச் நல்ல கருவி, ஆனால் மேக்கில் மட்டும்தான் வரைய முடியும்.

சொந்தத் திட்டத்துக்கும், கோப்புகள் நம் கையிலேயே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் பென்பாட்டைச் சொல்வேன். ஸ்பெயினில் பிறந்த திறந்த மூல மென்பொருள், நம்முடைய சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். அதன் லேஅவுட்டுகள் சி.எஸ்.எஸ்.ஸின் ஃபிளெக்ஸ், கிரிட் விதிகளின்படியே நடப்பதால், வரைந்ததற்கும் கட்டுவதற்கும் இடையே தூரம் குறைவு. வெப் டெவலப்பராகவும் டிசைனராகவும் ஒருவரே இருக்கும்போது இது பெரிய வசதி.

எதை எடுத்தாலும் முதலில் கற்க வேண்டியவை இரண்டு. ஒன்று, காம்போனென்ட்: பட்டனை ஒருமுறை வரைந்து எல்லா இடத்திலும் அதன் நகலைப் போட்டால், மூலத்தை மாற்றும்போது எல்லாம் மாறும். இரண்டு, ஆட்டோ லேஅவுட்: பென்பாட்டில் இதற்கு ஃபிளெக்ஸ் லேஅவுட் என்று பெயர். உள்ளே இருக்கும் எழுத்து நீண்டால் பட்டனும் தானாக நீளும். தமிழில் வடிவமைப்பவர்கள் இது இல்லாமல் ஒரு பட்டன்கூட வரையக் கூடாது.

படி 6: தமிழ் எழுத்தை ஆரம்பத்திலேயே போடுங்கள்

ஆங்கிலத்தில் வரைந்து முடித்துவிட்டு, கடைசியில் மொழிபெயர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் திரை உடைந்துபோகும். ‘ஃபர்காட் பாஸ்வேர்டு’ என்று ஆங்கிலத்தில் அடங்கும் இடத்தில் ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?’ அடங்காது. ‘சேமி’, ‘நீக்கு’ போன்றவை சின்னவைதான், ஆனால் ‘அறிவிப்புகள்’, ‘மருந்துச்சீட்டைப் பதிவேற்று’ என்று வரும்போது பட்டன் இரண்டு மடங்கு நீளும். வரையும்போதே உண்மையான வாசகத்தைப் போடுங்கள்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேடமரன், ஹிந்த் மதுரை, அனெக் தமிழ் எல்லாமே கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். அடர்த்தியான பில்லிங் அட்டவணைக்கு முக்தா மலர் எனக்குப் பிடிக்கும். விண்டோஸ் டெஸ்க்டாப் செயலி என்றால் விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் நிர்மலா யூ.ஐ. போதும், எழுத்துருவைச் சேர்த்து அனுப்பும் வேலை மிச்சம். வரி உயரத்தை எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்குக்குமேல் வையுங்கள், மேலே கொம்பும் கீழே வாலும் மோதாமல் இருக்கும்.

கட்டும் கருவியை உறுதி செய்யும் முன் ஒரு சின்னச் சோதனை. ‘கொடு’, ‘கெளுத்தி’, ‘ஸ்ரீ’, ‘பக்ஷணம்’ ஆகிய நான்கு சொற்களை ஒரு லேபிளில் போட்டு ஓடவிடுங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, கட்டம் கட்டமாகத் தெரிந்தாலோ, அந்தக் கருவி தமிழை ஒழுங்காகக் கோக்கவில்லை என்று பொருள். க்யூட், டபிள்யூ.பி.எஃப்., உலாவிகள் இதில் நம்பகமானவை.

டி.டி.பி., அச்சகப் பின்னணியிலிருந்து யூ.ஐ.க்கு வருகிறவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. நிறமும் இடைவெளியும் பழகிய கண் என்பதால் வேகமாக மேலே வருவார்கள். அவர்கள் விட்டுவிட்டு வர வேண்டியது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களை. அவற்றில் எழுதியது படத்தில் தமிழாகத் தெரிந்தாலும், டெவலப்பர் நகலெடுத்து நிரலில் ஒட்டும்போது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் விழும். கைவசம் அப்படிப்பட்ட வாசகங்கள் இருந்தால் என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக மாற்றிக்கொண்டு ஆரம்பியுங்கள்.

படி 7: நிறமும் இடைவெளியும்

இடைவெளிகளை 8-இன் மடங்குகளில் வையுங்கள்: 8, 16, 24, 32. எழுத்தளவுகள் மூன்று வகைக்குமேல் வேண்டாம். முதன்மை நிறம் ஒன்று போதும், அதையும் ஒரு திரையில் ஒரே ஒரு முக்கியப் பட்டனுக்கு. இந்த மூன்றை மட்டும் பிடிவாதமாகக் கடைப்பிடித்தாலே திரை பளிச்சென்று ஆகிவிடும்.

சாம்பல் நிற எழுத்து அழகாகத் தெரியும், படிக்க முடியாது. எல்லோரும் பயன்படுத்தும்படி வலைப்பக்கங்களை அமைப்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. விதிப்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற மாறுபாடு வேண்டும். வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் தேறிவிடும். அதைவிட ஒரு படி வெளிறிய 777777 தேறாது. 999999 போட்டால் 2.85 தான் வரும். வெப்எய்ம் தளத்தின் மாறுபாட்டுச் சோதனையில் இரண்டு நிறங்களையும் போட்டால் உடனே விடை தெரியும். எக்ஸ்பயரி தாண்டிய மருந்தைச் சிவப்பாக மட்டும் காட்டி நிறுத்தாமல் ‘எக்ஸ்பயரி’ என்ற சொல்லையும் எழுதுங்கள், சிவப்பும் பச்சையும் பிரித்தறியாதவர்களும் கவுன்டரில் இருப்பார்கள். விலைகளை வலப்பக்கம் ஒழுங்குபடுத்துங்கள்.

ஐகான்களுக்கு மெட்டீரியல் சிம்பல்ஸ், டேப்ளர், லூசிட் மூன்றில் ஒன்றை எடுத்து அதிலேயே நில்லுங்கள். இரண்டு தொகுப்புகளைக் கலந்தால் கோட்டின் தடிமன் வேறுபட்டு அசிங்கமாகத் தெரியும்.

படி 8: கட்டிய பிறகு பாருங்கள்

வலைப்பக்கத்தை குரோமில் திறந்து, டெவலப்பர் டூல்ஸில் மொபைல் பார்வைக்கு மாற்றி, இணைய வேகத்தையும் குறைத்துப் பாருங்கள். அங்கேயே லைட்ஹவுஸ் இருக்கிறது, மாறுபாடு குறைந்த எழுத்துகளையும் லேபிள் இல்லாத கட்டங்களையும் சுட்டிக்காட்டும். என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானையும் ஒருமுறை ஓடவிடுங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்.டி.எம்.எல்.லில் குறிப்பிட மறந்திருந்தால் அது தமிழைச் சரியாக வாசிக்காமல் போகலாம்.

டெஸ்க்டாப் மென்பொருளுக்கு விண்டோஸின் திரை அளவீட்டை 100, 125, 150 சதவீதம் என மாற்றிப் பாருங்கள். அப்புறம் கடைக்கே எடுத்துப்போய் நிறுவி, மவுஸைக் கழற்றிவைத்துவிட்டு, கவுன்டரில் இருப்பவரையே பில் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காதீர்கள். அவர் எந்தக் கட்டத்தில் நின்றார், எந்த விசையைத் தேடினார் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். திருத்தங்களை நிரலில் செய்யும் அன்றைக்கே ஃபிக்மா அல்லது பென்பாட் கோப்பிலும் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த திரையைப் பழைய காம்போனென்ட்டை வைத்து வரைய ஆரம்பித்துவிடுவீர்கள்.